மறதிக்கு நான் வைத்த எண்

அக்கா,

நேற்று மதியம் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். என்னிடம் ப்ராஜெக்ட் செய்கிற மாணவி ஒருத்தி, பயிற்சிக்குப் பழைய தரவு ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். ஆராய்ச்சிக் காலத்துக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். முதல் வரிசையில் நீ இருந்தாய்.

பெயர் இல்லை. 'டெஸ்ட் 1' என்று மட்டும் இருந்தது. அதற்கு நேராக நூறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 'இ' அல்லது 'வ'. இடது, வலது. நீ அழுத்திய பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் நீ எத்தனை நொடி யோசித்தாய் என்பதுகூடக் கீழே பதிவாகியிருக்கிறது. பக்கத்து வீட்டு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் விரலை வைத்து உன் வரிசையில் போனேன். வ, வ, வ, வ. நடுவில் எங்கோ நாலு இ. மறுபடியும் வ.

அந்தத் தீபாவளி உனக்கு நினைவிருக்கும். இடது கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தாய். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாக அப்பாவிடம் சொல்லியிருந்தாய். நான் சென்னையிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஆபத்தான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மனிதர்கள் எதை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைச் சமன்பாடாக எழுதுவதுதான் என் ஆராய்ச்சி. அதற்காக நானே ஒரு விளையாட்டு எழுதியிருந்தேன். ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். நீ முறுக்கு தின்றுகொண்டிருந்தாய்.

"இன்னாடீ இது, சின்னப் பசங்க வெளையாட்டாட்டம் கீது."

"ஆடிப் பாருக்கா, அப்புறம் சொல்றேன்."

இடது பொத்தானை அழுத்தினால் எப்போதும் மூன்று புள்ளி. வலதை அழுத்தினால் பெரும்பாலும் ஐந்து. ஆனால் எப்போதாவது ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், ஐம்பது புள்ளிகளைப் பிடுங்கிக்கொள்ளும். இதை யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். அழுத்தி அழுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பது போனபோது "அடப்பாவி" என்று கத்தினாய். நாலு தடவை இடதுக்குப் போனாய். பிறகு வலதுக்கே திரும்பிவிட்டாய்.

"ஏன்க்கா வலதுலயே போனே?"

"எப்பவாச்சும்தானே புடுங்குது. மத்த நேரமெல்லாம் நல்லாத்தானே குடுக்குது."

சொல்லிவிட்டு உன் மாவுக்கட்டைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

"மாமாவா?"

"வுடுடீ."

"எத்தினி தரம்?"

"பத்து நாள் நல்லா இருந்தா ஒரு நாள் இப்படி. எல்லா வூட்லயும் இருக்கறதுதான். அப்பா காதுல போடாதே."

அடுத்து நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. உன்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அப்பாவிடம் ஓடவில்லை. நீ உள்ளே போனதும் என் ஆராய்ச்சி நோட்டை எடுத்து, நீ சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டேன். நான் நிரூபிக்க நினைத்ததை நீ ஒரே வரியில் சொல்லிவிட்டாயே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் நான் தப்பித்ததாகிவிடும்.

உன் புருஷனை மாமா என்று கூப்பிட்டவள் நான். அதையும் எழுதத்தான் வேண்டும். அவன் நல்லவனாக இருந்த நாட்கள் பொய் என்றால் எனக்கு எல்லாம் சுலபமாகிவிடும். பொய் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது. மூன்று மாடி அவரை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினான். அவன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட செட்டில் நாலு பவர்லூம் ஓடின. வேலை செய்பவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. உனக்குக் காய்ச்சல் என்றால் அவனே சோறு வடித்தான். அம்மா இல்லாத வீட்டில் வளர்ந்த நமக்கு அப்படி ஓர் ஆண் கிடைத்தது பெரிதாகத் தெரிந்தது. அவனே உன் மணிக்கட்டை முறுக்கி உடைத்தான். கொதிக்கிற டீயை உன் தோளில் ஊற்றினான். பாப்பா வயிற்றில் இருந்தபோது கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். கால் தரையில் படவில்லை என்று நீ என்னிடம் சொன்னபோது, யாரோ பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாய்.

என் சமன்பாடு சொன்னது இதுதான். மனம் நடந்ததையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. முடிவெடுக்கும் நேரத்தில் கைக்கு அகப்படுகிற நாலைந்து நினைவுகளை எடுத்துப் பார்க்கிறது. கிட்டத்தில் நடந்தது சீக்கிரம் அகப்படும். எப்போதாவது நடக்கிற பெரிய கேடு அந்த நாலைந்தில் வராமலே போய்விடலாம். அதனால் மனிதர்கள் வலது பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நினைவு எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதற்கு ஒரு குறியீடு வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். உன் நூறு கட்டங்களிலிருந்து உன் மறதிக்கும் ஓர் எண் கணக்கிட்டேன். நீ சீக்கிரம் மறக்கிறவள் என்று வந்தது. நம்பினேன்.

அப்புறம் ஒரு நாள் என் கண்ணாலேயே பார்த்தேன். பாப்பாவின் மூன்றாவது பிறந்தநாள் வந்தது. காலையில் அவளுக்குக் கவுன் கொடுக்க உன் வீட்டுக்கு வந்தேன். செட்டில் நாலு லூமும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே கேட்காது. நேராகச் சமையலறைக்குப் போனேன். உன் முடியைக் கொத்தாகப் பிடித்து உன் தலையை ஃப்ரிட்ஜ் கதவில் மோதிக்கொண்டிருந்தான். பேச்சே இல்லை. ஆணி அடிக்கிறவனைப் போல நிதானமாக மோதினான். ஒரு வியாபாரியிடம் போனில் நீ தேதியை மாற்றிச் சொல்லிவிட்டாயாம். காரணம் அவ்வளவுதான்.

அடுப்பருகே இருந்த தோசைக்கல்லை எடுத்து அவன் தோளில் அடித்தேன். திரும்பினான். அவன் கையைக் கடித்தேன். என் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. எனக்குள் அப்படி ஒரு மிருகம் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது. இன்னும் ஆழமாகக் கடித்தேன். அப்போது என் கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தது நீ.

"வுட்றீ அவரை! வுடுன்றேன்!"

உன் நெற்றி பிளந்து ரத்தம் என் கைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். ஈரத்துணி எடுத்து வந்து உன் நெற்றியை அவனே துடைத்தான். கொஞ்ச நேரத்தில் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நீ விலக்கவில்லை. எனக்கு உன்மேல் வந்த கோபம் அவன்மேல் வந்ததைவிடப் பெரிது.

அந்த முறை நீ நம் வீட்டுக்கு வந்துவிட்டாய். மூன்றாம் முறை. முன்னிரண்டு முறையும் அப்பாதான் உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். இம்முறை தெருப் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். அவன் கும்பிட்டான். இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மாப்ளதான் எழுதிக் குடுத்துட்டாரேம்மா, ஒரு தரம் பாரேன்" என்றார்.

நீ மொட்டைமாடிக்கு வந்தாய். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நெற்றியில் கட்டு. கொடியின் அந்தப் பக்கம் நின்று ஈரப் புடவையை விலக்கிக் கேட்டாய்.

"நீ இதுக்குன்னே படிச்சிகினு கீறியே. சொல்லு. உன் கணக்குல இன்னா வருது? போவட்டுமா, வேணாமா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உன் கண்ணைப் பார்த்தேன். அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் 'போகாதே' என்று சொல்ல வேண்டும் என்று நீ நின்றுகொண்டிருந்தாய்.

நான் சொன்னேன்: "தனி ஆளுக்கு அந்தக் கணக்கு சொல்லாதுக்கா. நூறு பேர் எப்படி நடந்துப்பாங்கன்னு சொல்லும். நீ இன்னா பண்ணணும்னு சொல்லாது."

பிடித்திருந்த புடவையை விட்டாய்.

"அப்போ உன் கணக்கும் அப்பா மாதிரிதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க."

இறங்கிப் போய்விட்டாய். மறுநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவன் பைக்கில் ஏறினாய்.

நான் சொன்னது சரிதான். இன்று எந்தக் கருத்தரங்கில் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீ கணக்குக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. புரிந்தும் புரியாதவள்போல் இருந்தேனோ என்னவோ. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் பாக்கி இருந்தது. அப்பாவை எதிர்த்து, நாலு பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு ஒரு நல்ல பெயர் என்னிடம் இருந்தது. அறிவியல் அடக்கம்.

எட்டு மாதம் போனது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, சென்னையில் வேலைக்குச் சேருவதற்குமுன் ஆரணியில் அப்பா வீட்டில் இருந்தேன். ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு உன் போன்.

"ஆட்டோ இட்டுகினு வா. பாப்பா ஸ்கூலுக்குப் பூட்டா. அவரு பைக்ல சேத்துப்பட்டு வரைக்கும் போயிருக்காரு, மதியம்தான் வருவாரு. பை ரெண்டுதான். ஜல்தி வா."

"எங்கேக்கா போறோம்?"

"முதல்ல வாடீ. இனிமே அந்த வூட்டுக்கும் இல்ல, இந்த வூட்டுக்கும் இல்ல. மெட்ராஸ்ல நீ போற எடத்துக்கே வர்றேன்."

உன் குரலில் பயம் இல்லை. அவசரம் மட்டும்தான் இருந்தது. ஸ்டாண்டில் முதலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். அதற்குமுன் அவரைப் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் உன் தெரு. வாசலில் அவன் பைக் நின்றிருந்தது. என்ஜின் இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறான். ஏன் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

லூம் ஓடிக்கொண்டிருந்தது. செட்டில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். உண்மைதான். எனக்கே கேட்கவில்லை. கூடத்துக்குள் நுழைந்தேன். இரண்டு பையில் ஒன்று கிழிந்து, பாப்பாவின் கவுன்கள் தரையெல்லாம் இறைந்து கிடந்தன. அவற்றின்மேல் நீ கிடந்தாய். லூமுக்கு வைத்திருக்கிற பெரிய ஸ்பேனர் அவன் கையில். நான் பார்த்த பிறகு இரண்டு முறை ஓங்கி இறக்கினான். சத்தமே இல்லாமல் அதைப் பார்த்தேன் அக்கா. லூமின் தடதடப்பு மட்டும் கேட்டது. இரண்டாவது முறை இறங்குவதற்குமுன் உன் வாய் அசைந்தது. என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

கத்திக்கொண்டு அவன்மேல் பாய்ந்தேன். ஸ்பேனர் என் கழுத்தெலும்பில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்தது. கீழே விழுந்தவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் மறுபடியும் உன்னிடம் போவான் என்று பட்டது. என் முதுகில் மிதித்தான். அப்போது பையைத் தூக்கலாம் என்று உள்ளே வந்த ஆட்டோக்காரர் ஸ்டூலை எடுத்து அவன் முழங்கையில் அடித்தார். ஸ்பேனர் கழன்று விழுந்தது. அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே, ஏதோ நியாயம் கேட்பவனைப் போல ஆட்டோக்காரரிடம் சொன்னான்:

"போறேன்னு சொன்னா. பாப்பாவை இட்டுகினு போறேன்னு சொன்னா."

வேலூர் போகிற வழியில் உன் மூச்சு நின்றுவிட்டது. உன் தலை என் மடியில் இருந்தது. என் வலது கை தூக்க வரவில்லை. இடது கையால் உன் தலையைச் சேர்த்துப் பிடித்திருந்தேன். பிடிக்கப் பிடிக்க அது மெத்தென்று கொடுத்தது. இதற்குமேல் அதை எழுத மாட்டேன்.

என் விளையாட்டில் என்ன தப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. வலது பொத்தானை விட்டு விரலை எடுத்தால், அது சும்மா இருக்கும். உன்னைத் துரத்திக்கொண்டு வராது. பையைக் கிழிக்காது. அவனிடமிருந்து விரலை எடுத்த நாள்தான் உன் எல்லா நாட்களையும்விட ஆபத்தான நாள். அது என் சமன்பாட்டில் எங்குமே இல்லை. ஐந்து வருஷம் எழுதினேன். தேர்வாளர்கள் இரண்டு பேர் அதைப் படித்துப் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வழக்கு மூன்றாம் வருஷம்தான் விசாரணைக்கு வந்தது. அதற்குள் அவன் ஜாமீனில் வெளியே வந்திருந்தான். அவன் அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்தார். "குழந்தைக்கு ஆத்தாளும் இல்ல, இப்போ அப்பனும் இல்லாம பண்ணப் போறீங்களா?" என்றார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். பல மாதம் என்னிடமும் பேசவில்லை. எனக்குப் போன்கள் வந்தன. புது நம்பர், பேசுவது புது ஆள், ஆனால் சேதி ஒன்றுதான்: சாட்சி சொல்லாதே. ஒரு கழுத்தெலும்புதானே போச்சு, இன்னொண்ணு பாக்கி இருக்கு என்று ஒருத்தன் சிரித்தான்.

கூண்டில் ஏறிய அன்று எதிர்த்தரப்பு வக்கீல் கையில் என் ஆய்வேடு இருந்தது. இணையத்திலிருந்து எடுத்துப் பைண்டு பண்ணியிருந்தார். பக்கங்களுக்கு நடுவே மஞ்சள் சீட்டுகள்.

"'நினைவு என்பது பதிவு அல்ல. ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கட்டப்படுகிறது.' இது நீங்க எழுதினதுதானே மேடம்?"

"ஆமாங்க."

"கட்டும்போது இல்லாததையும் சேர்த்துக் கட்டலாம்?"

"கட்டலாம்."

"போலீஸ்ல என் கட்சிக்காரர் நீலச் சட்டை போட்டிருந்தார்னு சொன்னீங்க. மாஜிஸ்ட்ரேட் கிட்ட சாம்பல் கலர்னு சொன்னீங்க. இன்னைக்கு என்ன கலர்?"

நீலம் என்று சொல்லியிருக்கலாம். கைப்பற்றிய துணிகளின் பட்டியலை அரசு வக்கீல் முன்தினமே என்னிடம் படித்துக் காட்டியிருந்தார். அது என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது காகிதத்திலிருந்து வந்த நிறம். என் தலைக்குள் அந்தச் சட்டை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் தவறினால் அவன் உன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இவ்வளவு பெரிய பந்தயத்தில் அதற்குமுன் நான் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை.

"தெரியாதுங்க" என்றேன்.

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாதா? அப்போ என்னதான் தெரியும்?"

"கை தெரியும். வலது கை. மோதிர விரல்ல எங்க அப்பா போட்ட கல்யாண மோதிரம். நான் பார்த்தப்புறம் ரெண்டு தரம் ஓங்குச்சு. ரெண்டாம் தரம் அக்கா வாய் அசைஞ்சுது. அவர் என் பக்கம் திரும்புனப்போ மொகத்தைப் பார்த்தேன். சட்டையை நான் பார்க்கவே இல்லைங்க. ரெண்டு தரமும் கேட்டாங்களேன்னு எதையோ சொல்லிட்டேன். பார்க்காததைப் பார்த்தேன்னு இன்னைக்குச் சொல்ல மாட்டேன். பார்த்ததை இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"உங்க தியரிப்படி மூணு வருஷத்துல எல்லாமே மங்கிப் போயிருக்கணுமே?"

"என் தியரி மறந்துபோறதைப் பத்தினது சார். மறக்க முடியாததுக்கு அதுல நான் இடமே வைக்கல. அது அந்த ஆய்வேட்டோட குறை. எழுதினது நான்தான், நானே சொல்றேன்."

நீதிபதி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். வக்கீல் மஞ்சள் சீட்டு வைத்த அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு மூடிவிட்டார்.

ஆட்டோக்காரரையும் அதே கேள்வி கேட்டார்கள். அவர், "கலரெல்லாம் யாரு சார் பார்த்தா? அந்தம்மா செத்துகினு இருந்தாங்க" என்றார். அவருக்கும் போன் வந்திருந்தது. அவர் ஆட்டோவின் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

அடுத்து அப்பா. அவர் சாட்சியை மாற்றிச் சொல்லிவிடுவார் என்று அரசு வக்கீல் பயந்தார். நானும் பயந்தேன். அன்று காலை அவர் சாப்பிடவில்லை. கூண்டில் ஏறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். உட்காருங்கள் என்று நீதிபதி சொன்னார். வேண்டாம் என்று தலையாட்டினார். மகள் இறப்பதற்குமுன் குடும்பத்தில் தகராறு ஏதும் இருந்ததா என்று கேட்டதும், கேள்வி முடிவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மூணு தரம் வந்தா ஐயா என் பொண்ணு. முதல் தரம் கை ஒடைஞ்சி. ரெண்டாம் தரம் தோளெல்லாம் வெந்துபோயி. மூணாம் தரம் நெத்தி. ரெண்டு தரம் நான்தான் இட்டுகினு போயி வுட்டேன், மூணாம் தரம் போன்னு சொன்னதும் நான்தான். வழுக்கி வுழுந்துட்டான்னு கேட்டவங்ககிட்டெல்லாம் சொன்னதும் நான்தான். பொய்யி. எனக்குத் தெரிஞ்சே சொன்ன பொய்யி. எழுதிக்குங்க."

"பெரியவரே, கேட்டதுக்கு மட்டும்..." என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அவன் அடிச்சான். நான் கொண்டுபோயி வுட்டேன். அதையும் சேர்த்து எழுதிக்குங்க ஐயா."

இறங்கும்போது படி தெரியாமல் தடுமாறினார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அத்தனை மாதங்களுக்குப் பிறகு என் தோளில் கை வைத்தார். முறிந்து ஒட்டிய தோள்தான். வலித்தது. அசையாமல் நின்றேன்.

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்திருக்கிறான். தீர்ப்பைக் கேட்டு எனக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. வெளியே வந்து அப்பாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சென்னை வேலையை விட்டுவிட்டேன். இங்கிருந்து போய்வருகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பாப்பாவுக்கு ஏழு வயது ஆகிறது. ஆராய்ச்சியை மறுபடியும் தொட்டிருக்கிறேன். அந்த விளையாட்டை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு உன் முகம் ரத்தம் இல்லாமல் வருவதில்லை. கல்யாணத்தன்று நீ எப்படி இருந்தாய் என்று யோசித்தால் கூடத்துத் தரைதான் வருகிறது. நீ பாடுவாய் என்று தெரியும், எப்படிப் பாடுவாய் என்று கேட்கவில்லை. லூம் சத்தம் வந்து மூடிவிடுகிறது. அவன் உன்னை மட்டும் கொல்லவில்லை. இருபத்தேழு வருஷத்து உன்னை என் தலைக்குள்ளும் அடித்து நொறுக்கியிருக்கிறான்.

போன மாதம் இது நடந்தது. மேல்முறையீடு போட்ட பிறகு அந்தப் போன்கள் திரும்பவும் வர ஆரம்பித்தன. பேஜாராகிவிட்டது. நம்பரை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து கம்பெனிக்குப் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. பாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள்.

"நம்பரை மாத்தாதீங்க சித்தி!"

"ஏன்டா?"

"மாத்தாதீங்க. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்." அழ ஆரம்பித்துவிட்டாள். போனை வைத்துவிட்டு அவளை மடியில் போட்டுக்கொண்டேன். விக்கிக்கொண்டே என் நம்பர் பத்து எண்களையும் ராகமாகச் சொன்னாள்.

"யாருடா சொல்லிக் குடுத்தா?"

"அம்மா. குளிக்கும்போது. தப்பா சொன்னா அடுத்த சொம்பு ஊத்த மாட்டாங்க. எனக்குக் குளிரும்."

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"ஒரு நாளு அம்மா உன்னைக் கூட்டிகினு போக வரலன்னா, மிஸ்கிட்ட இதைச் சொல்லு, சித்தி வந்துடுவான்னாங்க."

நீ இறந்த அன்று மதியம் வேலூர் ஆஸ்பத்திரியில் என் போன் அடித்தது. பாப்பாவின் பள்ளியிலிருந்து. குழந்தையை அழைக்க யாரும் வரவில்லை என்றார்கள். என் நம்பரை நீ பள்ளியில் எழுதிக் கொடுத்திருப்பாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நீ எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் அவன் கண்ணில் படும். குழந்தையின் தலைக்குள் வைத்திருக்கிறாய்.

"எப்போலேர்ந்து சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "அம்மா இங்க கட்டு போட்டிருந்தாங்க" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

மூன்று வயதுக் குழந்தையின் நினைவு அது. அந்த வக்கீல் கேட்டால் சிரிப்பார். என் ஆய்வேட்டின்படி நானும் சந்தேகப்பட வேண்டும். நான் நம்புகிறேன் அக்கா. பத்து எண்களும் சரியாக இருக்கின்றன. மொட்டைமாடியில் நான் கைவிட்ட அன்றோ அதற்கு மறுநாளோ நீ ஆரம்பித்திருக்கிறாய். எட்டு மாதம், ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு எண்ணாக. உன் மறதிக்கு நான் ஒரு எண் போட்டு வைத்திருந்தேன். நீ எதையுமே மறந்திருக்கவில்லை. என்ன நடக்கலாம் என்று எங்கள் எல்லோரையும்விட உனக்குத்தான் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அந்தப் புதன்கிழமை பையை எடுத்தாய். ஒன்றும் சொல்லாத என்னைத்தான் உன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய்.

நம்பரை மாற்றவில்லை. அந்தப் போன்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் பதிவு செய்து ஸ்டேஷனில் கொடுக்கிறேன்.

பாப்பா இப்போது தானே குளிக்கிறாள். காலையில் கதவுக்கு வெளியே துண்டோடு நிற்பேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்தோடு அவள் எண்களைச் சொல்வது கேட்கும். மூன்றாவது எண்ணில் கொஞ்சம் இழுக்கிறாள், கடைசி இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கிறாள். அவளுக்கு அப்படிப் பேசத் தெரியாது. அது நீ பேசுகிற விதம். ரத்தம் இல்லாமல், லூம் சத்தம் இல்லாமல் உன் குரல் எனக்கு வருவது அந்த ஓர் இடத்தில்தான். துண்டைப் பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கிற வரை மூச்சுவிடாமல் நிற்கிறேன்.